யூக்ளினாவில் அயோடின் ஏன் கருக்கவில்லை?

செந்தூல் வாத்தியார் | மார்ச் 2, இரவு 8.40

படிவம் 4 பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பழைய நோட்டில் யூக்ளினா என்ற ஓரணு உயிரி "பாதி தாவரம், பாதி விலங்கு, உணவை மாவுச்சத்தாகச் சேமிக்கும்" என்று இருக்கிறது. பள்ளித் தாமரைத் தொட்டியில் இருந்து பச்சைத் தண்ணீர் எடுத்து நுண்ணோக்கியில் 400 மடங்கில் பார்த்தோம். பச்சை உடல், சிவப்புப் புள்ளி, முன்னால் நீந்த உதவும் சாட்டை, எல்லாம் சரி. ஓரத்தில் அயோடின் ஒரு சொட்டு விட்டால் கருநீலம் வரவே இல்லை. உடம்பு மஞ்சளாகிறது, அவ்வளவுதான். அயோடின் கெட்டுப்போய்விட்டதா? "தாவரமா விலங்கா" என்று கேட்கும் பிள்ளைக்கு ஒரு வரியில் என்ன சொல்வது?

ஸ்லைடு பெட்டி | மார்ச் 2, இரவு 9.25

அயோடின் நன்றாகத்தான் இருக்கும். நோட்டுதான் கெட்டுப்போயிருக்கிறது.

யூக்ளினா சேமிப்பது மாவுச்சத்து இல்லை, பாரமைலம். இரண்டுமே குளுக்கோஸ் சங்கிலிதான், கோத்த விதம் வேறு. மாவுச்சத்தில் ஆல்ஃபா 1,4 இணைப்பு. சங்கிலி சுருள்வில்லாக வளையும், அயோடின் அந்தச் சுருளுக்குள் போய் உட்காரும், கருநீலம் தெரியும். பாரமைலத்தில் பீட்டா 1,3 இணைப்பு. இழைகள் ஒன்றோடொன்று முறுக்கி இறுகிய மணிகளாகிவிடும். அயோடின் நுழைய இடமே இல்லை. ஸ்லைடில் மஞ்சள் உடம்புக்குள் கண்ணாடித் துண்டு போல வெள்ளையாக மின்னும் மணிகள் இருந்தனவா? அவைதான்.

நம்பிக்கை வராவிட்டால் அதே தொட்டியில் பாசி நூல் எடுத்து, ஸ்பைரோகைரா கிடைத்தால் நல்லது, பக்கத்து ஸ்லைடில் அதே அயோடினை விடுங்கள். பசுங்கணிகத்தில் இருக்கும் பைரினாய்டு என்ற புரத உருண்டையைச் சுற்றிக் கருக்கும். அது கருத்து இது கருக்காவிட்டால் குற்றவாளி அயோடின் இல்லை.

ஒரு வரிப் பதிலுக்குப் பிறகு வருகிறேன். அது ஒரு வரியில் அடங்காது.

ஸ்லைடு பெட்டி | மார்ச் 2, இரவு 9.50

சொல்ல மறந்தது. அயோடின் விட்டதும் உயிரி செத்துவிடும், அதனால்தான் சாட்டை தெளிவாகத் தெரியும். சிலது சாகும்போது சாட்டையை உதறிவிட்டு உருண்டையாகும். அந்த உருண்டையை வைத்து இனம் சொல்ல வேண்டாம். உயிரோடு இருக்கும்போதே வடிவத்தைக் கோடுபோட்டு வரைந்து, நீளம் அளந்து, கடைசியில்தான் அயோடின்.

படிவம் ஆறு | மார்ச் 3, மாலை 4.10

எங்கள் குறிப்பில் யூக்ளினாவுக்கு ஒரு சாட்டை, அதன் அடிப்பகுதி இரண்டாகப் பிரியும் என்று படம் இருக்கிறது. இணையத்தில் இரண்டு சாட்டை என்கிறார்கள். எது?

ஸ்லைடு பெட்டி | மார்ச் 3, மாலை 6.30

இரண்டு. முன்முனையில் குடுவை மாதிரி ஒரு குழி உண்டு. இரண்டு சாட்டையும் அதன் அடியிலிருந்துதான் புறப்படுகின்றன. ஒன்று வெளியே வருகிறது, மற்றது குழிக்குள்ளேயே குட்டையாக நின்றுவிடுகிறது. குட்டையின் நுனி நீளமானதன் மேல் சாய்ந்து ஒட்டியிருப்பதால் பழைய நுண்ணோக்கிகளில் ஒரே சாட்டை கவட்டையாகப் பிரிவது போலத் தெரிந்தது. அந்தப் படத்தைத்தான் நூறு வருஷமாகப் பார்த்துப் பார்த்து வரைந்துகொண்டிருக்கிறார்கள்.

நீளச் சாட்டையின் அடியில், குழிக்குள், சின்ன வீக்கம் ஒன்று இருக்கிறது. ஒளியை உணர்வது அதுதான். சிவப்புக் கண்புள்ளி உணர்வதில்லை, நிழல் போடுகிறது. உயிரி சுழன்றுகொண்டே நீந்தும்போது புள்ளியின் நிழல் வீக்கத்தின் மேல் விழுந்து விழுந்து விலகும், அதை வைத்துத் திசை பிடிக்கிறது. வீக்கத்தில் உள்ள ஒளியுணர் புரதத்தை 2002-இல் யூக்ளினா கிராசிலிஸில் கண்டுபிடித்தார்கள். ஆக "கண்புள்ளி" என்பதே தப்பான பெயர். எரன்பெர்க் 1830-இல் யூக்ளினா என்று பெயர் வைத்ததும் "நல்ல கண்" என்ற பொருளில்தான். பெயரோடு போகட்டும், மாற்ற முடியாது.

இன்னொன்று: கண்புள்ளி பசுங்கணிகத்துக்கு வெளியே, குழிக்குப் பக்கத்தில் தனியாகக் கிடக்கும். கிளமிடோமோனாஸ் என்ற நீந்தும் பச்சைப் பாசியில் பசுங்கணிகத்துக்கு உள்ளே இருக்கும். நீந்தும் பச்சை உருண்டை எந்தக் கட்சி என்று குழம்பினால் அயோடினும் இந்தப் புள்ளியின் இடமும் போதும்.

கெப்போங் மீன்காரர் | மார்ச் 3, இரவு 10.05

வாத்தியார் பச்சைக்குக் கவலைப்படுகிறார். எங்கள் குளத்தில் மேலே சிவப்பு ஆடை. காலையில் பச்சையாக இருக்கும், பதினொரு மணிக்கு மேல் செங்கல் பொடி தூவினது போல. இதுவும் உங்கள் ஆளா அண்ணே? தண்ணீரை மாற்றச் சொல்கிறார்கள்.

ஸ்லைடு பெட்டி | மார்ச் 3, இரவு 11.20

நேரத்தோடு நிறம் மாறுவதைக் கவனித்தீர்களே, பாதி வேலை முடிந்தது. யூக்ளினா சாங்குவினியாவாக இருக்க நிறைய வாய்ப்பு. உடம்புக்குள் அஸ்டாசாந்தின் என்ற சிவப்பு மணிகள் இருக்கும். வெயில் ஏற ஏற அவை மேலோட்டுக்கு அடியில் பரவிப் பசுங்கணிகத்துக்குக் குடை பிடிக்கும். நிழலில் நடுவுக்கு ஒதுங்கும், பச்சை தெரியும். ஆனால் சிவப்பு ஆடை எல்லாம் இதுவல்ல, இரண்டைக் கழிக்க வேண்டும்.

ஆடையைக் குச்சியால் தொடுங்கள். கண்ணாடி உடைவது போலக் கூர்முனைத் துண்டுகளாகப் பிளந்து, எண்ணெய் மாதிரி வானவில் அடித்தால் அது இரும்புப் பாக்டீரியா. பொடிபோலக் கலைந்து மறுபடி கூடினால் அடுத்த படி.

ஒரு போத்தலில் பாதி அள்ளி, மூடியை இறுக்காமல் மேசையடி நிழலில் வையுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்தில் சிவப்பு குறைந்து பச்சை தலைகாட்டினால் யூக்ளினா. சிவப்பு அப்படியே நின்றால், நுண்ணோக்கியில் அசையாத தடித்த சுவர் உருண்டைகள் தெரிந்தால், ஹேமட்டோகாக்கஸ் என்ற பச்சைப் பாசியின் உறங்குநிலை. பறவைக்கு வைத்த தண்ணீர்க் கிண்ணத்தில் சிவப்பாகக் காய்ந்து கிடக்குமே, அது. அதில் மாவுச்சத்து உண்டு என்பதால் அயோடினும் சாட்சி சொல்லும். சிவப்பு மறைக்கும், ஆகவே உடைத்த உருண்டையில் பாருங்கள்.

மீனுக்கு: சாங்குவினியாவின் சில வளர்ப்புகள் யூக்ளினோஃபைசின் என்ற நஞ்சை வெளியிடும் என்று 2010-இல் வெளியானது, அமெரிக்காவில் குளத்து மீன்கள் செத்த இடங்களில் இருந்து. வேதியமைப்பில் தீ எறும்பின் விஷத்துக்கு உறவு. ஆடை இருந்தாலே நஞ்சு என்று அர்த்தம் இல்லை. மீன் விடியற்காலையில் மட்டும் மேலே வந்து வாய் திறந்தால் ஆக்சிஜன் குறைவு, காற்றுக்கல் போதும். நண்பகலில் ஆக்சிஜன் மிச்சமாக இருக்கும்போதே மீன் தடுமாறினால்தான் நஞ்சைச் சந்தேகப்பட வேண்டும்.

தண்ணீரை ஒரேயடியாக மாற்றாதீர்கள். மேலாடையைக் காற்றொதுங்கும் மூலையில், வெயில் ஏறியபின், மெல்லிய வலைத்துணியால் வாரி வெளியே கொட்டுங்கள். தீவனத்தைக் குறையுங்கள், மிச்சத் தீவனமும் கோழிச்சாணமும்தான் இவற்றுக்கு விருந்து. காப்பர் சல்ஃபேட் கொட்டினால் எல்லாம் ஒரே இரவில் செத்து அழுகி ஆக்சிஜனைக் குடித்துவிடும். மீன் பாசியால் சாகாமல் மருந்தால் சாகும்.

கெப்போங் மீன்காரர் | மார்ச் 4, மதியம் 2.15

நிழலில் வைத்த போத்தல் பச்சை. குச்சியால் தொட்டால் பொடிதான். மீன் நன்றாக இருக்கிறது. நான் இந்த இழையை விட்டுப் போவதாக இல்லை.

ஸ்லைடு பெட்டி | மார்ச் 4, இரவு 9.00

வாத்தியாரின் ஒரு வரிக்கு வருவோம்.

"பாதி தாவரம், பாதி விலங்கு" என்பதில் குறை, அது நிறத்தை வைத்துப் பேசுகிறது. இந்தக் கூட்டத்தில் நிறம்தான் மிகக் குறைவாக நம்பத்தக்க அடையாளம். யூக்ளினாவும் அதன் உறவுகளும் சேர்ந்த யூக்ளினிடுகளின் அடிமரக்கிளைகள் எல்லாம் நிறமற்றவை. பாக்டீரியாவையும் மற்ற ஓரணு உயிரிகளையும் விழுங்கிப் பிழைப்பவை. அவற்றில் ஒரே ஒரு கிளை ஒரு பச்சைப் பாசியை விழுங்கி, செரிக்காமல் வைத்துக்கொண்டது. விழுங்கப்பட்டது பிரமிமோனாஸ் வகைப் பாசியின் உறவு. அதனால்தான் பசுங்கணிகத்தைச் சுற்றி மூன்று சவ்வு; தாவரத்தில் இரண்டே. குளோரோஃபில் ஏ, பி இரண்டும் இருப்பது கடன் வாங்கிய சொத்து.

பச்சையான கிளையிலும் சில பின்னால் நிறத்தைத் தொலைத்தன. அஸ்டாசியா லோங்கா என்று தனிப் பேரினமாக வைத்திருந்தது இப்போது யூக்ளினா லோங்கா. பச்சை போய்விட்டது, ஆனால் பசுங்கணிக மரபுத்தொகுதியின் மிச்சம் சுமார் 73 ஆயிரம் எழுத்தாக உள்ளே கிடக்கிறது. பச்சை கிராசிலிஸில் அது சுமார் 143 ஆயிரம். வீட்டை விற்றபின்னும் சாவியை இடுப்பில் முடிந்துவைத்த மாதிரி.

ஆய்வகத்திலும் இது நடக்கும். ஸ்ட்ரெப்டோமைசின் போட்டால் கிராசிலிஸ் நிரந்தரமாக வெளுத்துவிடும் என்று 1948-லேயே காட்டினார்கள். மருந்துகூட வேண்டாம், 34 டிகிரிச் சூட்டில் பல தலைமுறை வளர்த்தால் போதும். நம் ஊர் வகுப்பறையில், ஜன்னலோரத்தில், மின்விசிறி அணைத்த விடுமுறையில், அந்தச் சூடு சும்மாவே வரும். விலைக்கு வாங்கிய கிராசிலிஸ் வெளுத்துப்போனால் முதலில் வெப்பமானியைப் பாருங்கள்.

ஆக ஒரு வரி: தாவரமும் இல்லை, விலங்கும் இல்லை, யூக்ளினோசோவா என்ற தொகுதி. காவலியர்-ஸ்மித் 1981-இல் வைத்த பெயர். நெருங்கிய சொந்தம் யார் என்றால் தூக்க நோய் தரும் டிரிப்பனோசோமா, லெய்ஷ்மேனியா எல்லாம் உள்ள கைனெட்டோபிளாஸ்டிடுகள். கடலில் கொட்டிக்கிடக்கும் டிப்ளோனீமிடுகள். மைட்டோகாண்டிரியாவின் உள்மடிப்புகள் தட்டு வடிவம், சாட்டைக்குள் அச்சோடு ஓடும் கூடுதல் தண்டு, இந்த இரண்டும் குடும்ப முத்திரை. நம் மலேசியாவில் குதிரைக்கும் மாட்டுக்கும் வரும் சுர்ரா நோயின் கிருமி டிரிப்பனோசோமா எவான்சியும் உங்கள் தாமரைத் தொட்டிப் பச்சையும் சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள். ஸ்பைரோகைரா உறவே இல்லை.

படிவம் ஆறு | மார்ச் 4, இரவு 9.40

அப்போது யூக்ளினிடு என்று எதை வைத்துத்தான் சொல்வது? உடலை நெளித்து நெளித்துப் போவதையா?

ஸ்லைடு பெட்டி | மார்ச் 4, இரவு 10.30

ஆமாம், நெளிந்தால் யூக்ளினிடு.

ஸ்லைடு பெட்டி | மார்ச் 5, காலை 6.50

நேற்று இரவு தூக்கத்தில் எழுதியது, அடித்துவிடுங்கள். நெளிவு உறுதியான அடையாளம் இல்லை. ஃபேக்கஸ் அரசிலை போலத் தட்டையாக, கொஞ்சமும் வளையாமல் நீந்தும், அதுவும் யூக்ளினிடு. வேறு ஓரணுக்களிலும் சில நெளியும்.

உறுதியான அடையாளம் மேலோட்டின் பட்டைகள். செல்சவ்வுக்கு அடியில் புரதப் பட்டைகள் நீளவாக்கில், சாய்வாக, ஒன்றன் விளிம்பு அடுத்ததன் பள்ளத்தில் மாட்டியபடி ஓடும். ஓலைப் பெட்டி முடைந்தது போல இருக்கும், ஆனால் குறுக்கோலை கிடையாது. ஒவ்வொரு பட்டைக்கு அடியிலும் நுண்குழல்கள். கிராசிலிஸில் சுமார் 40 பட்டை. அது பிளவுபடுவது நீளவாக்கில், முன்முனையில் இருந்து. பிளவுபடுவதற்கு முன் பழைய பட்டைகளுக்கு நடுவே புதிது முளைத்து இரட்டிக்கும், ஒவ்வொரு மகளுக்கும் பாதி பழசு பாதி புதுசு.

பட்டை எண்ணிக்கை வேறொன்றும் சொல்லும். பாக்டீரியா தின்னும் புளோயோட்டியா, என்டோசைஃபன் போன்றவற்றில் பத்துப் பன்னிரண்டே பட்டை; உடம்பு விறைப்பு, சின்ன இரைக்கு அது போதும். பெரிய இரையை விழுங்கும் பெரனீமாவுக்குப் பட்டை நிறைய, சுருளாக ஓடும். பட்டைகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்குவதால்தான் உடம்பு வீங்கி, நெளிந்து, இரைக்கு இடம் கொடுக்கிறது. பச்சை யூக்ளினாவின் நெளிவு அந்த விழுங்கித் தின்ற தாத்தாவிடம் இருந்து வந்தது. ஃபேக்கஸ் பிறகு மறுபடி விறைத்துக்கொண்டது.

ஸ்லைடு பெட்டி | மார்ச் 5, இரவு 8.15

பட்டையைப் பார்ப்பது எப்படி என்று தனிச்செய்தியில் மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். இங்கேயே.

முதலில் திரட்ட வேண்டும். போத்தலைக் கறுப்புத் தாளால் சுற்றி, பக்கவாட்டில் ஒரு சென் நாணயம் அளவுக்கு ஓட்டை. ஓட்டையை ஜன்னல் பக்கம் திருப்பி ஒரு மணி நேரம். பச்சை ஆட்கள் ஓட்டைக்கு நேரே திரள்வார்கள், அங்கே உறிஞ்சுங்கள். நேர்வெயில் கூடாது, ஒளி மிகுந்தால் எதிர்ப்பக்கம் ஓடுவார்கள்.

வேகத்தைக் குறைக்க மெத்தில் செல்லுலோஸ். 3 கிராமை 50 மில்லி கொதி ஆறிய வெந்நீரில் தூவிக் கலக்கி, 50 மில்லி ஐஸ் தண்ணீர் ஊற்றி, ஓர் இரவு குளிர்பெட்டியில் வைத்தால் தெளிந்த பசை. குளிர்ந்த தண்ணீரில் நேராகப் போட்டால் கட்டிதட்டும், பிறகு சுலபத்தில் கரையாது. ஸ்லைடில் இந்தப் பசையால் வளையம் வரைந்து, நடுவில் சொட்டு வைத்து மூடுகண்ணாடி.

பிறகு பிழிதல். மூடுகண்ணாடி ஓரத்தில் டிஷ்யூ தாளின் முனையை ஒரு நொடி தொட்டு எடுங்கள், 400 மடங்கில் பாருங்கள், மறுபடி ஒரு நொடி. மூன்றாவது நான்காவது தடவையில் உயிரி அழுந்தி நிற்கும். குவியத்தை அதன் மேற்பரப்புக்கு உயர்த்தி, நுண்ணோக்கி மேடைக்கு அடியில் உள்ள ஒளித் துவாரத்தைச் சுருக்கினால் சாய்ந்த மெல்லிய கோடுகள் தெரியும். தெரியாவிட்டால் துவாரம் அதிகம் திறந்திருக்கிறது. எல்லோரும் செய்யும் தவறு. இன்னொரு தடவை உறிஞ்சினால் உடம்பு வெடித்துப் பாரமைல மணி சிதறும், அதுவும் பார்க்க வேண்டியதுதான்.

கோடு பார்க்கச் சுலபமான ஆள் லெப்போசின்க்லிஸ் ஸ்பைரோகைராய்டிஸ். பட்டைகளின் மேல் இரும்பு ஏறிய பழுப்புப் பருக்கள் முத்து கோத்தது போல வரிசையாக ஓடும். பிழியவே வேண்டாம்.

செந்தூல் வாத்தியார் | மார்ச் 6, மாலை 5.20

ஸ்பைரோகைரா கருத்தது. அயோடினிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று. ஆனால் அதே ஸ்லைடில் நிறமில்லாத ஒன்று, நீளமாக, உள்ளே இரண்டு இடத்தில் கருநீலம். இது உங்கள் விதிக்குப் புறம்பு.

ஸ்லைடு பெட்டி | மார்ச் 6, இரவு 7.45

அயோடின் விடுவதற்கு முன் அது எப்படிப் போனது? சாட்டையை ஈட்டி மாதிரி நேராக முன்னே நீட்டி, நுனி மட்டும் துடிக்க, தரையில் வழுக்கிக்கொண்டே போனதா? அப்படியானால் பெரனீமா. கருநீலம் அதன் சொந்தச் சேமிப்பு இல்லை, விழுங்கிய பச்சைப் பாசியின் மாவுச்சத்து. யூக்ளினாவின் சேமிப்பு கருக்காது என்று நான் எழுதியதை "தன் சேமிப்பு கருக்காது, தின்றது கருக்கும்" என்று திருத்திக்கொள்ளுங்கள். இரைக்குமிழ் வட்டமாக, தனியாகத் தெரியும். பெரனீமா யூக்ளினாவையும் தின்னும். சொந்தபந்தம் பார்க்காது.

நிறமற்றவை ஒளி ஓட்டைக்கு வராது. அவற்றுக்கு: அடிச்சேற்றைத் தட்டில் அரை சென்டிமீட்டர் பரப்பி, லென்ஸ் துடைக்கும் தாளை விரித்து, அதன்மேல் மூடுகண்ணாடிகளை வைத்து ஓர் இரவு. ஊர்ந்து மேலேறிக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும். கண்ணாடியைச் சாய்க்காமல் நேரே தூக்கி ஸ்லைடில் கவிழ்க்கவும்.

படிவம் ஆறு | மார்ச் 7, இரவு 8.30

எவ்வளவு பெயர்! பச்சையில் யூக்ளினா எது, லெப்போசின்க்லிஸ் எது என்று பிரிக்க வழி உண்டா, அல்லது மரபணு பார்த்தால்தானா?

ஸ்லைடு பெட்டி | மார்ச் 8, காலை 7.10

பேரினம் வரை நுண்ணோக்கியே போதும், சில விதிவிலக்கோடு. நான் பார்க்கும் வரிசை:

கூட்டுக்குள் இருக்கிறதா? பழுப்புக் குடம், கழுத்தில் துளை, அதில் சாட்டை: டிராக்கெலோமோனாஸ். பழுப்பு இரும்பும் மாங்கனீசும் ஏறியது. ஈய லம்பக் குட்டைத் தண்ணீரில் (பழைய ஈயச் சுரங்கக் குளம்) இதைத் தேடுங்கள். துடுப்புக்கால் பூச்சியின் முதுகில் காம்போடு ஒட்டியிருந்தால் கொலாசியம்.

கூடு இல்லை, விறைப்பு, தட்டை: ஃபேக்கஸ். விறைப்பு அல்லது அரைகுறை வளைவு, உருண்டை அல்லது ஊசி, பசுங்கணிகம் பைரினாய்டு இல்லாத சின்னச் சின்னத் தட்டுகள், பாரமைலம் பெரிய வளையமாகவோ கோலாகவோ: லெப்போசின்க்லிஸ். நன்றாக நெளியும், பசுங்கணிகம் பெரியது, பைரினாய்டு உண்டு: யூக்ளினா. விரிடிஸில் பசுங்கணிகம் நட்சத்திரம் போல விரியும். அதுதான் பேரினத்துக்கே மாதிரி.

முன்பு ஊசி போன்ற யூக்ளினா ஆக்குஸ் என்று படித்தவர்களுக்கு: 2003-இல் மாரினும் கூட்டாளிகளும் ரைபோசோம் மரபணு பார்த்து அதை லெப்போசின்க்லிஸுக்கு மாற்றினார்கள், யூக்ளினா ஆக்ஸியூரிஸையும் யூக்ளினா ஸ்பைரோகைராவையும் (பாசி நூல் ஸ்பைரோகைரா அல்ல, மேலே சொன்ன ஸ்பைரோகைராய்டிஸ்) சேர்த்து. 2014-இல் புராக்ஸிமாவும் பிரிந்து யூக்ளினாஃபார்மிஸ் ஆனது. பழைய கையேட்டைத் தூக்கிப்போட வேண்டாம், படங்கள் நல்லவை. பெயரை மட்டும் பென்சிலால் திருத்துங்கள். பேனா வேண்டாம், மறுபடி மாறும்.

தாவரவியலார் யூக்ளினோஃபைசி என்பதும் விலங்கியலார் யூக்ளினிடா என்பதும் இந்தக் கூட்டத்தையே. இரண்டு சட்டப்புத்தகத்திலும் இதற்குப் பெயர்ப்பதிவு இருக்கிறது. இரட்டைக் குடியுரிமை நம் நாட்டில் செல்லாது, குளத்தில் செல்லும்.

ஸ்லைடு பெட்டி | மார்ச் 8, இரவு 10.40

பச்சை ஒரே கிளை என்று மார்ச் 4-இல் எழுதினேனே, ஒரு பின்குறிப்பு. ராபாசா விரிடிஸ் என்று 2012-இல் விவரிக்கப்பட்ட கடல்வாழ் யூக்ளினிடு. பச்சை, ஆனால் பாசியையும் விழுங்கும். தின்பதற்கும் ஒளிச்சேர்க்கைக்கும் நடுப்படி, பசுங்கணிகம் சொந்தம் என்று அப்போது எடுத்துக்கொண்டார்கள். 2023-இல் தெரிந்தது, உள்ளே இருப்பது டெட்ராசெல்மிஸ் என்ற இரையிடம் திருடியது. ஆக இதில் பச்சைக்கும் சொந்தத்துக்கும் சம்பந்தம் இல்லை. நான் எழுதிய "ஒரே கிளை" சொந்தப் பசுங்கணிகம் உள்ளவர்களுக்கு நிற்கிறது.

செந்தூல் வாத்தியார் | மார்ச் 9, மாலை 6.00

தொட்டி ஆளை உங்கள் வரிசைப்படி பார்த்தோம். கூடு இல்லை. முட்டை வடிவம், நெளியவில்லை, தட்டையும் இல்லை, உருண்டால் அதே அகலம். பசுங்கணிகம் பொட்டுப் பொட்டாக. இரண்டு பக்கமும் வளையல் மாதிரி வெள்ளை வளையம் ஒவ்வொன்று. 32 மைக்ரான். பிள்ளைகள் நோட்டில் "யூக்ளினா" அடித்து "லெப்போசின்க்லிஸ்" என்று எழுதிவிட்டார்கள். பென்சிலால்தான்.

ஸ்லைடு பெட்டி | மார்ச் 9, இரவு 7.05

பின்முனையில் குட்டி முளை இருக்கிறதா? இருந்தால் லெப்போசின்க்லிஸ் ஓவும் என்ற இனத்தின் பக்கம் போகலாம். குவியத்தை மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள், பச்சைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும்.